தலைமையாசிரியர் பகுதிநேர முனைவர் பட்டம் படித்தால் பள்ளிக்கு என்ன கிடைக்கும்?

மலைக்கோட்டை:
அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வயது 46. கல்வி நிர்வாகத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய நினைக்கிறேன். வீட்டில் சம்மதம், உடன் பணியாற்றுவோர் வேண்டாத வேலை என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
வேண்டாம் ஐயா. பதவி உயர்வு பணிமூப்பில் வருகிறது. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வும் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சரி, பணம் கிடக்கட்டும். என் கவலை பள்ளியைப் பற்றியது. எங்கள் முந்தைய தலைமையாசிரியர் ஆய்வு செய்த காலமெல்லாம் நான்தான் பொறுப்பு. ஒருநாள் காலை வழிபாட்டில் பத்தாம் வகுப்புப் பையன் மயங்கி விழுந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினேன். என் கணக்கு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவரோ நகரத்தில், ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான நெறியாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஆய்வின் தலைப்பு, தலைமைப் பண்பும் ஆசிரியர்களின் பணி நிறைவும். வினாநிரலை எங்களிடமே கொடுத்து நிரப்பி வாங்கினார். நம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறவர் கேட்கும்போது யார் உண்மையை எழுதுவார்கள்?

பூக்காடு:
நீங்கள் சொல்வது தவறான ஆய்வு, ஐயா. அதை வைத்து எல்லா ஆய்வையும் தள்ளிவிடாதீர்கள். நான் நிலக்கோட்டைப் பக்கம் தலைமையாசிரியை. சென்ற ஆண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். எங்கள் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சில நாள்களில் மட்டும் கூட்டமாகத் தாமதமாக வருவார்கள். பல ஆண்டுகள் வாசலில் நிறுத்திக் கண்டித்திருக்கிறேன். நெறியாளர் சொன்னபடி வருகைப் பதிவேட்டையும் நாள்காட்டியையும் அருகருகே வைத்து, நாள் நாளாகக் குறித்தேன். பெரும்பாலும் முகூர்த்த நாளும் அதற்கு முந்தைய நாளும்! அன்றுதான் மல்லிகைக்கு விலை. மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டும்; விடியுமுன்னே பிள்ளைகள் அம்மாவோடு தோட்டத்தில் நிற்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அழுதேன்.

கரும்பலகை:
டீச்சர், மனம் கனக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: இது உங்கள் வகுப்பாசிரியர்களுக்கு முன்பே தெரியாதா? பிள்ளைகளின் விரலை முகர்ந்தாலே தெரிந்திருக்குமே. இதற்கு ஆய்வேடு எதற்கு?

பூக்காடு:
தெரியும். இரண்டு பேர் சொல்லியும் இருந்தார்கள். நான்தான் சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். தேதிவாரியாகக் கண்முன் வந்த பிறகுதான் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தேன். இப்போது முகூர்த்த நாள்களில் முதல் பாடவேளையில் புதுப் பாடம் நடத்துவதில்லை. வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. பறிப்பு நின்றுவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

தென்னங்கீற்று:
விதிகளைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பகுதிநேர பிஎச்.டி.யை அனுமதிக்கின்றன. குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. கிடையாது; அப்படி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பணியளிப்பவர் தரும் தடையின்மைச் சான்றில், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் கடமைகள் அனுமதிக்கும் என்றும், தேவைப்பட்டால் பிஎச்.டி.யின் பாட வகுப்புகளை (கோர்ஸ் ஒர்க்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் இருக்க வேண்டும். கரும்பலகை ஐயாவின் குறை இங்கேதான் தொடங்குகிறது: விடுவிப்பதற்கு விதி இருக்கிறது, அவர் இடத்தில் யார் என்பதற்கு இல்லை. ஹார்வர்டில் 2010இல் தொடங்கிய கல்வித் தலைமை முனைவர் படிப்பில் மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு கல்வி அமைப்பில் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைப் பற்றியே ஆய்வேடு. நமக்கும் அந்த வடிவம் வேண்டும்.

கரும்பலகை:
அப்படி ஒன்று வந்தால் நானே சேருவேன். அதுவரை மலைக்கோட்டை ஐயாவிடம் ஒரே வேண்டுகோள். தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன், நீங்கள் இல்லாத நாளில் பள்ளியைத் தாங்கப் போகிறவரிடம் கேளுங்கள். அவருடைய பாடவேளைகளைக் குறைத்துக் கொடுங்கள். எனக்கு அப்படி யாரும் செய்யவில்லை.

மலைக்கோட்டை:
எங்கள் பள்ளியில் அது அறிவியல் ஆசிரியை; வாரத்துக்கு 28 பாடவேளை எடுக்கிறார். இதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. திங்கட்கிழமை கால அட்டவணையை எடுத்துக்கொண்டு போய் அவரோடு உட்காருகிறேன்.