ஹெச்.எம். மாறினா பள்ளி மாறுமா? உங்க அனுபவம் சொல்லுங்க

நெல்லிக்குப்பம்_ஆய்வாளர்

பள்ளித் திறனும் தலைமையும்னு பி.எச்டி. பண்றேன். கடலூர் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகள்தான் களம். ஒரு விஷயம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

அடுத்தடுத்த ஊர்ல ரெண்டு பள்ளி. ரெண்டு ஊர்லயும் கரும்பு வெட்டுற குடும்பங்கதான் அதிகம். ஆசிரியர் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டு ஹெச்.எம்.மும் என் வினாநிரல்ல மேலேருந்து கீழ வரைக்கும் 'எப்போதும்'னு டிக் அடிச்சுக் குடுத்துட்டாங்க. கூட்டிப் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரி தலைவர்கள். ஆனா எட்டாவது வகுப்புக்குள்ள போய் உட்கார்ந்தா ரெண்டும் ஒரே மாதிரி பள்ளி இல்ல.

அதுல ஒரு பள்ளிக்கு வினாநிரல் ஃபாரம் வாங்கப் போன அன்னைக்கு மதியச் சாப்பாடு முடிஞ்சிருந்தது. ஹெச்.எம். அம்மா ரூம்ல இல்ல. வராண்டாவுல பெஞ்சை இழுத்துப் போட்டு, கணக்கு எடுக்கறவங்களோட உட்கார்ந்து அரையாண்டு விடைத்தாளைப் பிரிச்சு வச்சிருந்தாங்க. முக்கால்லேருந்து மூணுல ஒரு பங்கைக் கழிக்கணும். நிறைய பிள்ளைங்க மேல மூணுல ஒண்ணு போனா ரெண்டு, கீழ நாலுல மூணு போனா ஒண்ணு, ஆக விடை ரெண்டுன்னு எழுதியிருக்கு. அந்தம்மா யாரையும் கடிஞ்சுக்கல. "முக்கால்லேருந்து எடுத்த பிறகு ரெண்டு எப்படி மிஞ்சும்னு ஒரு பிள்ளைக்கும் தோணலையே. நாம எப்படிச் சொல்லிக் குடுத்தோம், போட்டுக் காட்டுங்க சார்"னாங்க. ஒருத்தர் சாக்பீஸை எடுத்துத் தரையிலயே கட்டம் போட ஆரம்பிச்சார். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எனக்கே இந்த இடம் புரியல சார், இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேட்டாங்க.

தன் ஆசிரியர்கள் எதிர்ல புரியலன்னு சொன்ன ஹெச்.எம்.மை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. கைடுகிட்ட சொன்னா, "அது கதைம்மா, டேட்டா எங்க?"ங்கறார். உங்க பக்கம் இப்படி ஏதாவது உண்டா?

பாகூர்_டீச்சர்

நீங்க நல்லதைப் பார்த்திருக்கீங்க. நான் பார்த்தது வேற. புதுச்சேரியில சிபிஎஸ்இ-க்கு மாறறதுக்கு முன்னாடி நடந்தது. எந்தப் பள்ளின்னு சொல்ல மாட்டேன்.

ஹெச்.எம். ரொம்பச் சுறுசுறுப்பு. வந்த வருஷமே காம்பவுண்டு சுவர் பெயின்ட், பூந்தொட்டி, ஒன்பது மணிக்குக் கேட் பூட்டு. ஊரே பாராட்டிச்சு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குக் காலைல, ஏழாவதுல வாசிக்கத் தெரியாத பிள்ளைங்களைத் தனியாப் பிரிச்சு லைப்ரரியில உட்கார வைக்கச் சொன்னார். கதவைச் சாத்திட்டு நான்தான் கூட இருந்தேன். பிள்ளைங்க சத்தமே போடல. ஒரு பையன் மட்டும் ரொம்ப நேரம் கழிச்சு, "மிஸ், அவங்க போயிட்டாங்களா? இப்ப நாங்க வகுப்புக்குப் போகலாமா?"ன்னு கேட்டான். தன்னை எதுக்கு இங்க உட்கார வச்சிருக்காங்கன்னு அவனுக்குத் தெரியும். அந்த வருஷ அறிக்கையில எங்க பள்ளிக்கு நல்ல பேருதான்.

ஆய்வுன்னு வர்றவங்க எல்லாரும் ஹெச்.எம். ரூம்ல டீ குடிச்சுட்டுப் போயிடறாங்க. எங்ககிட்டயும் கேளுங்க.

பண்ருட்டி_ஓய்வுத்தலைமையாசிரியர்

பாகூர் டீச்சர், அந்த ஹெச்.எம். செய்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து சதவீதம் சதவீதம் என்று கேட்கிறவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் நிறுத்தி வைப்பது நியாயமில்லை. ஒரு தலைமையாசிரியருக்கு ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ அதிகாரம் கிடையாது. காலையில் பாதி நேரம் எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளப் பதிவிலேயே போய்விடும்.

என் அனுபவம் சுருக்கமாக. 2011 டிசம்பர் 30 தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பொங்கல் வரைக்கும் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை, அப்பனோடு மரம் அறுக்கப் போய்விட்டார்கள். ஆசிரியர்களைத் தெருத்தெருவாகப் பிரித்து அனுப்பினேன். அறிவியல் ஆசிரியர் ஒருவர் விழுந்து கிடந்த பலா மரத்தின் மேலேயே மூன்று பையன்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்ததை நேரில் பார்த்தேன். அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லவே இல்லை.

இப்போது ஆய்வாளர் அம்மாவுக்குச் சில வார்த்தை. உங்கள் கைடு கதை என்று தள்ளியதைத் தள்ள வேண்டாம். 2008-ல் நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சன் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் செய்கிற காரியங்களில் மாணவர் கற்றலோடு மிக வலுவான தொடர்பு காட்டியது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்துத் தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பதுதான். நீங்கள் வராண்டாவில் பார்த்தது அதேதான். அதை முதலில் கைடிடம் காட்டுங்கள்.

அடுத்து, தலைமையாசிரியரின் மதிப்பெண்ணையும் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டையும் நேராக முடிச்சுப் போடாதீர்கள். ஹாலிங்கர், ஹெக் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1990-களிலேயே சொல்லிவிட்டார்கள்: தலைமையின் தாக்கம் பெரும்பாலும் மறைமுகமானது, ஆசிரியர் வழியாக, பள்ளியின் சூழல் வழியாகத்தான் பிள்ளையிடம் போய்ச் சேரும். நேர்த் தொடர்பு தேடினால் ஒன்றும் கிடைக்காது, 'தலைமை முக்கியமில்லை' என்று தப்பான முடிவுக்குப் போய்விடுவீர்கள். ரிசல்ட்டை எடுப்பதாக இருந்தால், அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேரும்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் எடுங்கள். ஒன்பதாவதில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று கேளுங்கள். நூறு சதவீதப் பள்ளிகள் சிலவற்றின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. 1966-ல் அமெரிக்காவில் கோல்மன் அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் தீர்மானிக்கிறது என்றது. 1979-ல் ரட்டர் குழு லண்டனில் 12 பள்ளிகளைப் பார்த்து, வரும் பிள்ளைகளின் வேறுபாட்டைக் கழித்த பிறகும் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் நிற்கிறது என்று காட்டியது. உங்கள் கரும்பு ஊர்கள் இரண்டும் அந்த வாதத்துக்கு நல்ல களம், விட்டுவிடாதீர்கள்.

சாலா சித்தி என்கிற மத்திய அரசுப் பள்ளி மதிப்பீட்டுத் திட்டத்தின் சுயமதிப்பீட்டை அப்படியே தரவாக எடுக்க வேண்டாம். மதிப்பிடப்படுகிறவரே அதை நிரப்புகிறார். ஆசிரியர்களுக்குத் தனி ஃபாரம் கொடுங்கள், ஹெச்.எம். கையில் கொடுத்து அனுப்பாமல் நீங்களே ஸ்டாஃப் ரூமில் வாங்குங்கள். அவர் அந்தப் பள்ளிக்கு வந்து எத்தனை வருடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம்_அம்மா

சார், நீங்க படிச்சவங்க. ஆனா அதிகாரம் இல்லன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன். நாங்க மீன் விக்கிறவங்க, விடியறதுக்குள்ள துறைமுகத்துக்குப் போயிடுவோம். கைக்குழந்தையைப் பெரிய பொண்ணுகிட்ட விட்டுட்டுப் போவோம், அது பள்ளிக்கூடம் போகாது.

எங்க ஹெச்.எம். ஒரு நாள் காலைல துறைமுகத்துக்கே வந்துட்டாங்க. வருகைப் பதிவேட்டை என் ஐஸ் பெட்டி மேல வச்சுப் பிரிச்சு, விரலை வச்சுக் காட்டினாங்க. எம் பொண்ணு பேருக்கு நேரா வரிசையா சிவப்பு. "இது உங்க பொண்ணு வராத நாள்கா, பக்கத்துல உங்க தங்கச்சி பொண்ணு, அதுவும் அதே நாள்தான்"னாங்க. ஏலம் போயிட்டிருந்தது, நான் எழுந்து போகல. அடுத்த கூட்டத்துல அவங்களே அங்கன்வாடி டீச்சரைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சுப் பேசினாங்க. இப்ப எங்க தெருவுல முறை வச்சுக் குழந்தைகளைப் பார்த்துக்கறோம். எம் பொண்ணு இப்ப ஒன்பதாவது. இதுக்கு எந்த ஆர்டரும் வரல சார்.

பாகூர்_டீச்சர்

அம்மா சொன்னதுதான் என் பதிலும். மேலேருந்து அழுத்தம் இந்த ஹெச்.எம்.முக்கும் இருந்திருக்கும். அவங்க பதிவேட்டைத் தூக்கிட்டு துறைமுகத்துக்குப் போனாங்க, எங்காளு லைப்ரரி கதவைச் சாத்தினார். ஆனா சார், ஸ்டாஃப் ரூம்ல ஃபாரம் வாங்கணும்னு சொன்னீங்களே, அது சரி. பேர் எழுத வேண்டாம்னும் சொல்லிடுங்க. இல்லன்னா யாரும் உண்மையை எழுத மாட்டோம்.

குறிஞ்சிப்பாடி_பட்டதாரி_ஆசிரியர்

எல்லாரும் நல்ல ஹெச்.எம்., கெட்ட ஹெச்.எம்.னு பேசறீங்க. ஹெச்.எம்.மே இல்லாத பள்ளியைப் பத்தி யாரும் பேசல. எங்க பள்ளியில பணியிடம் காலி, நான்தான் பொறுப்பு. என் சமூக அறிவியல் பீரியட் ஒண்ணும் குறையல. போன வாரம் பத்தாவதுல வரைபடப் பயிற்சி நடத்திட்டிருந்தேன். ஒரு பொண்ணு கங்கையைத் தப்பான பக்கம் ஓட விட்டிருந்தா. அவ பக்கத்துல குனிஞ்சு பென்சிலை வாங்கினேன், ஆபீஸ்லேருந்து ஆள் வந்து, சத்துணவு முட்டைக் கணக்கு உடனே வேணுமாம்னு நிக்கறார். போயிட்டு வந்தா மணி அடிச்சாச்சு. அவ நோட்டு அப்படியே மூடிட்டுப் போயிட்டா. இந்த நிலையில சக ஆசிரியர் வகுப்புல போய் உட்கார்ந்து, விடைத்தாளைப் பிரிச்சுப் பேசறது எப்போ?

ஆய்வாளர் மேடம், உங்க பட்டியல்ல பொறுப்பு ஹெச்.எம். நடத்தற பள்ளிகளைத் தனியாப் பிரிச்சுப் போடுங்க. முழுநேர ஹெச்.எம். இருக்கற பள்ளிகளோட எங்களையும் சேர்த்து சராசரி எடுத்துடாதீங்க.