தோல்பாவைக்கூத்து: கூத்துமாடத்திலா, மேடையிலா?

கோவைவாசி:
சமீபத்தில் ஒரு பண்பாட்டு விழாவில் தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் கேரளத் தோல்பாவைக்கூத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போட்டார்கள். ராவணன் வந்தான், பத்து நிமிடத்தில் செத்தான். கூட்டம் கைதட்டியது. எனக்கு மனசே ஆறவில்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் இது கூத்துமாடத்தில், அதாவது இதற்கென்றே கட்டிய மேடையில், ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும். கோயிலைப் பொறுத்து 7, 14, 21 நாள், சில இடங்களில் இன்னும் கூட. பாடுவது நம் கம்பன் பாட்டு. எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்த பகவதியான பத்ரகாளியால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அவள் சன்னிதியை விட்டு வெளியே எடுத்துவந்தால் மிஞ்சுவது நிழல் மட்டும்தான்.

நாஞ்சிலான்:
ஒப்புக்கொள்ள முடியவில்லை நண்பரே. எங்கள் குமரி மாவட்டப் பக்கம் பாருங்கள். இங்கே பாவை ஆட்டியவர்கள் மண்டிகர்கள். வீட்டில் பேசுவது மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். ஒரே ஆள் உட்கார்ந்தபடி ராமனுக்கும் சூர்ப்பணகைக்கும் குரல் மாற்றிப் பேசி, பாடி, பாவையையும் ஆட்டுவார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பத்து நாள் ராமாயணம். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்துவிட்டால் சிரிக்காத ஆள் கிடையாது. சினிமா வந்தது, வசூல் படுத்தது, பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். பள்ளிக்கூடம், விழா, அரங்கம் என்று கூப்பிடுகிற இடமெல்லாம் போய்த்தான் மிச்சமிருக்கிறவர்கள் கலையைக் காப்பாற்றுகிறார்கள். சுருக்காதே என்று சொல்வது, சோறு சாப்பிடாதே என்று சொல்வதுபோல இருக்கிறது.

கோவைவாசி:
நீங்கள் சொன்னதிலேயே என் பதில் இருக்கிறதே. டிக்கெட்டை நம்பிய கூத்து சினிமாவோடு போட்டி போட வேண்டி வந்தது. நேர்ச்சையை, அதாவது பக்தர்களின் நேர்த்திக்கடனை, நம்பிய கூத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. பகவதி படம் பார்க்கப் போய்விட மாட்டாள்.

பாலக்காட்டுத்தமிழன்:
இரண்டு பேருக்கும் வணக்கம். கூத்துமாடத்துக்குப் பின்பக்கம் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுமார் 42 அடி நீளத் திரை. அதற்குப் பின்னால் வரிசையாக 21 தேங்காய் மூடிகள், ஒவ்வொன்றிலும் எண்ணெய், திரி. அந்தச் சுடர் ஆடும்போது பாவை மூச்சு விடுவது போலத் தெரியும், மின்விளக்கில் அது வராது. இந்த வகையில் கோவைவாசி சொல்வது நியாயம். ஆனால் கோயிலே காப்பாற்றிவிடும் என்பது தப்புக் கணக்கு. ராத்திரி முழுக்கப் பாடிப் பாட்டுக்குப் பொருள் விரித்துச் சொல்ல, ஆயிரக்கணக்கான பாடல்கள் மனப்பாடம் வேண்டும். வருஷக்கணக்கில் கற்க வேண்டிய வித்தை. கூத்து நடப்பதோ வருஷத்தில் சில மாதம்தான். மீதி மாதம்? கேரளத்துப் பாவைக்கூத்துக் கலைஞர் கிருஷ்ணன்குட்டிப் புலவர் மாடத்தை விட்டு வெளியே வந்ததால்தான் உலகம் இதைப் பார்த்தது. அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் காந்தி கதையையும் பாவையில் ஆடினார், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் மகள் ரஜிதா பெண்களை வைத்தே ஒரு குழு நடத்துகிறார். வழிவழியாக ஆண்கள் மட்டுமே ஆடிவந்த மாடத்தில் இது நடந்திருக்குமா?

கோவைவாசி:
பெண்கள் வந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. அப்புறம் நான் பார்த்ததையும் கேளுங்கள். ஒரு பாட்டுகூட நேரில் பாடவில்லை. பதிவு செய்த குரலை ஓடவிட்டார்கள். கம்பன் பாட்டைச் சொல்லி, அதற்குப் புலவர்கள் என்று அழைக்கப்படும் கூத்துக்கலைஞர்கள் இலக்கணமும் சாஸ்திரமும் எடுத்து மாறி மாறி வாதம் செய்வதுதானே இந்தக் கூத்தின் உயிர்? பிறமொழி நாட்டில் இத்தனை தலைமுறையாகக் கம்பனை வாயாலேயே கடத்திவந்தவர்கள். அந்த வாயை அடைத்துவிட்டுப் பாவையை மட்டும் ஆட்டினால் எப்படி?

நாஞ்சிலான்:
சரி, பதிவுக் குரல் எனக்கும் பிடிக்காது. ஆனால் கோபத்தை விழா நடத்துகிறவர்கள் மேல் காட்டுங்கள். இரண்டு பேருக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு முழுக் கூத்து கேட்டால் பாடகரையும் மத்தளக்காரரையும் எங்கிருந்து கூட்டி வருவார்கள்? அடுத்த முறை உங்கள் ஊரில் விழா என்றால், குழுவில் எத்தனை பேர், நேரில் பாடுவார்களா என்று முதலிலேயே கேட்டு, அதற்கேற்ற தொகையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.