ரிஸ்க் குரூப் 3 கிருமி, ஆனா ஜன்னலோர மேசையில வேலை. இது சரியா?

மங்கை_மைக்ரோ:
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருஷம். புராஜெக்டுக்காக ஒரு டிபி லேபுக்குப் போக ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. காசநோய்க் கிருமி ரிஸ்க் குரூப் 3, அதனால பிஎஸ்எல்-3 (பயோசேஃப்டி லெவல், அதாவது லேபோட பாதுகாப்பு நிலை 3) லேப் வேணும்னுதான் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினேன். இங்க வந்து பார்த்தா, சளி டப்பாவைத் திறந்து ஸ்லைடு போடுறது ஜன்னலோரம் ஒரு கிரானைட் மேசையில. அதே மாடியில கிருமியை வளர்க்குற கல்ச்சர் ரூமுக்கு மட்டும் ரெண்டு கதவு, தனி கவுன், என்95 மாஸ்க். ரெண்டு இடத்துலயும் ஒரே கிருமிதானே? வீட்ல அக்கா குழந்தைக்கு எட்டு மாசம். பயமா இருக்கு.

பெட்ரி_தட்டு:
குரூப் 3-ன்னா பிஎஸ்எல்-3 தான். எழுதிக் குடுத்துட்டு வெளிய வாங்க.

பழைய_டெக்னீஷியன்:
அவசரப்படாதீங்கம்மா. முப்பத்தோரு வருஷம் சளி டப்பாவோட குடும்பம் நடத்தினவன் சொல்றேன்.

ரிஸ்க் குரூப் கிருமிக்குப் போடுற நம்பர்: ஆளை எவ்வளவு படுத்தும், ஊருக்குப் பரவுமா, மருந்து இருக்கா. பிஎஸ்எல் அறைக்கும் அங்க நடக்குற வேலைக்கும் போடுற நம்பர். ரெண்டுமே 1-லருந்து 4 வரை போறதால நம்மாளுங்க நேரா கோடு போட்டு இணைச்சுடுறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட கையேடு 2020-ல நாலாம் பதிப்பா வந்தப்ப அந்தக் கோட்டை விட்டுட்டு, செய்யுற வேலையோட ஆபத்தைப் பார்க்கச் சொல்லுது. கோவிட்ல பார்த்தோமே, பிசிஆர் டெஸ்ட் பிஎஸ்எல்-2-ல நடந்துச்சு, வைரஸை வளர்க்கறதுக்கு மட்டும் பிஎஸ்எல்-3.

டிபி மூச்சு வழியா வர்றது. கிருமி எந்த வேலையில காத்துல ஏறும்னுதான் பார்க்கணும். சளி கொழகொழன்னு இருக்கும், குச்சியால மெதுவா தேய்ச்சா பெருசா தெறிக்காது. மில்லிக்கு 5,000, 10,000 கிருமி இருந்தாத்தான் ஸ்லைடுலயே கண்ணுல படும். கல்ச்சர்ல ஒரு லூப் (சின்ன கம்பி வளையம்) அள்ளினா கோடிக்கணக்குல வரும், அதைப் போட்டு வோர்டெக்ஸ் மெஷின்ல குலுக்குவாங்க. ரெண்டு கதவு அதுக்குத்தான். நீங்க ஸ்லைடு நல்லா காயறதுக்கு முன்னாடி தீயில காட்டாதீங்க, அவ்வளவுதான்.

எனக்கு பயம் வந்தது வேற ஒரு பெட்டியால. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பேர் வேண்டாம், ஒரு தனியார் லேப்ல லாமினார் ஃப்ளோ பெஞ்சுல வச்சு கல்ச்சர் டியூபைத் திறந்தேன். கண்ணாடி, ஃபில்டர், புளூ லைட்டு, எல்லாம் வேலை செய்யுற ஆளைக் காப்பாத்துற சேஃப்டி கேபினட் மாதிரியே இருக்கும். ஆனா அது சாம்பிளைக் காப்பாத்துற பெட்டி. காத்து உள்ளேருந்து நம்ம மூஞ்சியைப் பார்த்து வீசும்! சீனியர் பார்த்து கத்தினப்பதான் புரிஞ்சுது. அடுத்த ரெண்டு வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு எக்ஸ்ரே. ஒண்ணும் வரல, ஆனா ஒவ்வொரு இருமலுக்கும் தூக்கம் போச்சு.

அதனால உங்க மேசையில ஒரு ஊதுபத்தி கொளுத்தி வச்சுப் பாருங்க. புகை உங்க முதுகுப் பக்கமிருந்து சாம்பிளைத் தாண்டி ஜன்னல் வழியா வெளிய போகணும்.

பெட்ரி_தட்டு:
அப்போ பிஎஸ்எல்-3 போர்டு மாட்டின லேப்ல கவலையே இல்லையா?

பழைய_டெக்னீஷியன்:
2003-ல சிங்கப்பூர்ல ஒரு ஆராய்ச்சி மாணவர் வெஸ்ட் நைல் வைரஸோட வேலை பார்த்துட்டு சார்ஸ் வாங்கிட்டுப் போனார். பிஎஸ்எல்-3 லேப்தான். சாம்பிள்ல சார்ஸ் கலந்திருந்துச்சு.

கால்நடை_லேப்:
எங்க பக்கம் புரூசெல்லா, ஆடு மாட்டுலருந்து மனுஷனுக்கு வர்ற கிருமி. அதுவும் குரூப் 3. கல்ச்சர் தட்டைத் திறந்து மோந்து பார்க்குற பழைய பழக்கத்தால காய்ச்சல் வாங்கினவங்க உண்டு. ரத்த சாம்பிள் வரும்போது உள்ளே எந்தக் கிருமி இருக்குன்னு எழுதியா வருது? தயவுசெஞ்சு எதையும் மோந்து பார்க்காதீங்க.

மங்கை_மைக்ரோ:
ஊதுபத்தி வச்சேன் ஐயா. புகை நேரா என் மூஞ்சிக்கு வந்துச்சு. சார் பார்த்துட்டு ஒண்ணும் பேசல, மதியமே மேசையை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட வச்சுட்டார். ஃபேனையும் நிறுத்தியாச்சு. இப்ப புகை ஜன்னலுக்குப் போகுது, ஆனா மாஸ்க்குக்குள்ள வேர்த்து ஊத்துது.