இடது வளைவுல ஆயில் பிரஷர் விழுது

நாங்களே கட்டின டியூப் சேசிஸ் கார், 600 சிசி பைக் எஞ்சின், வெட் சம்ப் (ஆயில் எஞ்சினோட அடித்தொட்டியிலேயே இருக்கும்). கடைசி ரெண்டு டெஸ்ட்லயும் நீண்ட இடது வளைவுல மூணாவது செகண்ட்லயே பிரஷர் 4 பார்ல இருந்து 1-க்குக் கீழ போகுது. நேரா வந்ததும் ஏறிடுது, வலது வளைவுல பிரச்சினையே இல்ல. பைக் சாயும், கார் சாயாது. ஆயில் வலப்பக்கம் ஒதுங்கி பிக்கப் (பம்ப்புக்கு ஆயில் இழுக்குற குழாய்) காத்தை உறிஞ்சுது, அது புரியுது.

அரை லிட்டர் கூடுதலா ஊத்தினோம். எஞ்சின்ல இருந்து வெளிய வர்ற ஆயிலைப் பிடிக்குற கேட்ச் கேன் நிறைஞ்சதுதான் மிச்சம். சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடும் ஒருவழிக் கதவும் வச்சதுல 3 செகண்ட் 5 ஆச்சு, அவ்வளவுதான். சென்சார் பொய் சொல்லல, மெக்கானிக்கல் கேஜும் அதையேதான் காட்டுது. திறந்து பாத்தா பிக் எண்ட் பேரிங்ல (கனெக்டிங் ராட் கிராங்க்கோட சேர்ற இடம்) மேல்பூச்சு தேஞ்சு செம்பு நிறம் தெரியுது.

7 செகண்ட் வளைவுக்கு 2 லிட்டர் ஆயில் அக்யுமுலேட்டர் (பிரஷர் விழும்போது சேமிச்ச ஆயிலைத் தள்ளுற தொட்டி) போதுமா, இல்ல ட்ரை சம்ப்தான் (ஆயிலைத் தனித் தொட்டியில வைக்குற முறை) வழியா?