முள்பட்டை போட்ட கத்தீ நாய்: மலையில எதிர்ப்பட்டவங்க சொல்லுங்க

மலைக்குருவி:
இமாச்சல்ல ஹம்ப்டா பாஸ்ங்கிற மலைக் கணவாய் போனவங்களுக்குத் தெரியும், சிக்கா முகாம் தாண்டினா ஆத்தோரமா கத்தீங்கிற மலைச் சமூகத்து இடையர்களோட மந்தை பரந்து கிடக்கும். கூட வந்தவங்க முன்னாடி போயிட்டாங்க. ஷூ கயிறு கட்டிட்டு நிமிர்ந்தா எதிர்ல கறுப்பா ஒண்ணு. குரைக்கல, உறுமல. கழுத்துல இரும்பு முள்பட்டை, அதுல ஒரு முள் மட்டும் வளைஞ்சிருந்துச்சு. எது கடிச்சு வளைஞ்சதோ! நான் இடப்பக்கம் நகர்ந்தா அதுவும் நகருது. மேலேருந்து ஒரு பெரியவர் விசில் அடிச்சாரு, சட்டுனு போயிடுச்சு. மறிச்சுச்சா, வழி காட்டுச்சா? இன்னும் புரியல.

தேனிக்காரன்:
வழியாவது, காட்டுறதாவது! மந்தைக்கும் உங்களுக்கும் நடுவுல நின்னிருக்கு, அவ்வளவுதான். சிறுத்தை முதல்ல கழுத்தைத்தான் கவ்வும், பட்டை அதுக்குத்தான். நான் பாத்தது தர்மசாலா பக்கம் திரியுண்டு மலைக்கு மேல, லாஹேஷ் குகை பக்கம். இடையர் இடுப்புல கம்பளிக் கயிறு சுத்தியிருந்தாரு. சோளாங்கிற அந்த அங்கிக்குள்ளேருந்து அப்பதான் பொறந்த ஆட்டுக்குட்டி ஒண்ணு தலையை நீட்டுது. முந்தின ராத்திரி எங்க கூடாரத்தைச் சுத்திச் சுத்திக் குரைச்ச அதே நாய், பக்கத்துல வந்து அந்தக் குட்டி மூஞ்சியை நக்குது. போட்டோ எடுக்கக்கூடத் தோணல.

சாம்பல்நிலா:
தேனிக்காரன் சொல்றதைப் பாத்தா இது வெறும் காவல் நாய்னு ஆயிடுது. ஒத்துக்க மாட்டேன். பாறை இடுக்குல நின்னுக்கிட்டு வரமாட்டேன்னு அடம்பிடிச்ச வெள்ளாட்டை, கடிக்காம தோளால இடிச்சு இடிச்சு மந்தையில சேர்த்ததை நானே பாத்தேன். ஆடு மேய்க்கிற வெளிநாட்டு நாய் பார்டர் கோலி மாதிரி ஓடி ஓடி வளைக்காது, அது உண்மை. 2025ல கர்னால்ல இருக்கிற தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இதை உள்நாட்டு இனமா பதிவு பண்ணியாச்சு. நம்ம ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அதுக்கு முன்னாடியே அந்தப் பட்டியல்ல இருக்கு.

டாமிஅப்பா:
எனக்கு மணாலி பக்கம் ஒண்ணு குறுக்க வந்துச்சு, பிஸ்கட் போட்டேன், மோந்துகூடப் பாக்கல. அதை விடுங்க. இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது குட்டி தூக்கிட்டு வந்துடப் போறீங்கன்னுதான் எழுதறேன்.

இது குளிருக்குப் பொறந்தது, உள்ள ஒரு அடர்த்தியான முடி அடுக்கு இருக்கு. வெயிலுக்கு நல்லதுன்னு மொட்டை அடிச்சுடாதீங்க. மேல்முடிதான் வெயில் நேரா தோல்ல படாம தடுக்குது, வெட்டினா பழையபடி வளராமலும் போகலாம். சீப்பால உள்முடியை எடுத்தா போதும். விடியறதுக்கு முன்னாடி நடத்துங்க. புறங்கையைத் தார்ரோட்டுல வச்சுப் பாருங்க, உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும். விடாம இரைச்சு, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினா உடம்புல தண்ணி ஊத்தி ஃபேன் போட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

சாப்பாடு ரெண்டு வேளையா பிரிச்சுப் போடுங்க, சாப்பிட்ட உடனே ஓட விடாதீங்க. பெரிய நாய்க்கு வயிறு முறுக்கிக்கும். வயிறு உப்பி, வாந்தி வர்ற மாதிரி ஓங்கரிச்சு ஒண்ணும் வரலேன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ஆபரேஷன்தான். உண்ணியைக் காதுக்குள்ள, விரலிடுக்குல தேடுங்க. ஈறு வெளுத்து, சோறு இறங்காம இருந்தா ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்.

மலைக்குருவி:
அண்ணே, நாய் வாங்கப் போறேன்னு நான் எங்க சொன்னேன்? 😄

பனிக்கரடி_மதுரை:
வாங்கறாரோ இல்லையோ, அங்க போறவங்களுக்கு ஒண்ணு. கல்லை எடுக்காதீங்க. எங்ககூட வந்த பையன் குனிஞ்சு கல்லைத் தொட்டதுதான் தாமதம், எங்கிருந்தோ இன்னும் ரெண்டு நாய் இறங்கிருச்சு. இடையர் வந்து எங்களைத் திட்டினாரே தவிர நாயை ஒரு வார்த்தை சொல்லல. நியாயம்தான். மந்தையை விட்டு விலகிச் சுத்திப் போங்க, ஓடாதீங்க. பல்லு பட்டுச்சுன்னா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு, அன்னிக்கே கீழ இறங்கி ரேபிஸ் ஊசி போட்டுக்கோங்க. டிரெக்கை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.