பெல்லட் கணப்பில் காற்றின் அளவைச் சரிசெய்த அனுபவம்

வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டனுக்கு அருகே வசிக்கும் எங்கள் வீட்டைக் குளிர்காலம் முழுவதும் சூடாக வைத்திருப்பது, மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டுகளை எரிக்கும் கணப்புதான். சென்ற குளிர்காலத்தில் அதன் கதவுக் கண்ணாடி, காலையில் துடைத்தால் மாலைக்குள் கறுத்துவிடும் நிலைக்கு வந்தது. சுடர் உயரமாக எழுந்து, மந்தமாக ஆடி, நுனியில் புகைந்தது. எரிகிண்ணத்தில் பாதி எரிந்த பெல்லட்டுகள் குவிந்தன. எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பதை இவை தெளிவாகக் காட்டின.

இதைக் கண்டதும், உள்ளே வரும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டாம்பர் தகட்டை இன்னும் திறக்கத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் இந்தக் கணப்புக்குள் காற்று வரும் விதத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். புகையை வெளியே தள்ளும் விசிறி உள்ளே ஒரு குறையழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த இழுவையால்தான் காற்று எரிகிண்ணத்தின் துளைகள் வழியே நெருப்புக்கு வந்து சேர்கிறது. அறைக்குள் வெப்பக்காற்றை வீசும் விசிறி முற்றிலும் வேறானது. அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் எரிதல் திருந்தாது. காற்று செல்லும் வழியில் சாம்பல் அடைத்திருந்தாலோ, வேறோர் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்தாலோ, டாம்பரை எவ்வளவு திறந்தும் நெருப்புக்குப் போதிய காற்று போய்ச் சேராது.

ஆகவே கணப்பை நன்றாக ஆறவிட்டு, எரிகிண்ணத்தின் துளைகளை அடைத்திருந்த கசடுக் கட்டிகளைச் சுரண்டி எடுத்தோம். பின்சுவர்த் தகடுகளுக்குப் பின்னால் படிந்திருந்த சாம்பலையும், புகைக்குழாயின் அடிமூடிக்குள் சேர்ந்திருந்ததையும் அகற்றினோம். பிறகு ஒரு காகிதத் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, சுற்றிலும் ஒவ்வோர் இடமாக இழுத்துப் பார்த்தோம். மற்ற இடங்களில் தாள் இறுக்கமாகப் பிடிபட்டது. கீழ் மூலையில் மட்டும் தடையின்றி வழுக்கி வந்தது. அங்கே, கதவிடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கும் காஸ்கெட் கயிறு நைந்து தட்டையாகியிருந்தது.

புதிய காஸ்கெட் ஒட்டியபின் டாம்பரைத் தொடாமலே மூட்டியபோது நிலைமை தலைகீழாக மாறியது. சுடர் குட்டையாகி, வெளிறிய நிறத்தில் சீறியது. பெல்லட்டுகள் கிண்ணத்திலிருந்து துள்ளி விழுந்தன. காற்று மிகுந்தால் வெப்பம் அறைக்கு வராமல் புகைக்குழாய் வழியே போய்விடும். குறைந்த எரிநிலையில் நெருப்பே அணைந்துபோகவும் கூடும். எனவே டாம்பரைச் சிறிது சிறிதாக மூடினோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அரை மணி நேரம் காத்திருந்து, அதற்குள் பெல்லட் விழும் வேகத்தையோ வேறெதையுமோ மாற்றாமல், சுடரை மட்டும் கவனித்தோம். பளிச்சென்ற மஞ்சள் சுடர், புகையில்லாத நுனி, கிண்ணத்துக்குள்ளேயே இலேசாக ஆடும் தணல்கள், கண்ணாடியில் கரிக்குப் பதிலாக வெளிர்சாம்பல் நிறத் தூசு ஆகியவை தெரிந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

பெல்லட்டின் தரம் மாறினாலும் சுடர் மாறும். ஐரோப்பாவின் ஈ.என்.பிளஸ் ஏ1 தரத்தில் சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. இங்கே அமெரிக்காவில் பிரீமியம் தரத்துக்கு 1 விழுக்காடு வரை இடமுண்டு. புதிய வகை மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் சுடரைச் சற்று நேரம் நின்று பார்ப்பது நல்லது. காற்றுக் குறைவாக எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பதால், அதைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் இந்தக் கணப்பை மூட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

*

ஐயா, தாங்கள் எழுதியதோடு ஊரின் உயரத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காக என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். நான் இருக்கும் டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எங்கள் கணப்பு புத்தம் புதியது. அடைப்போ கசிவோ இல்லை. ஆயினும் தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே எரியவிட்டபோது, தாங்கள் சொன்ன அதே மந்தமான, புகையும் சுடர்தான் வந்தது. கையேட்டில் உயரமான ஊர்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அதன்படி புகைவிசிறியின் வேகத்தை ஒரு படி கூட்டியதும் சுடர் நிமிர்ந்தது.

ஆண்டுப் பராமரிப்புக்கு வந்த பணியாளரிடம், குறைந்த எரிநிலையிலும் உயர்ந்த எரிநிலையிலும் உள்ளிழுவையை, காற்றழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டரால் அளந்து தருமாறு கேட்டுக்கொண்டேன். அவ்விரு அளவுகளையும் டாம்பரின் நிலையையும் பெல்லட் தொட்டியின் மூடிக்கு உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறோம். இழுவை அதற்குக் கீழே இறங்கினால் டாம்பரில் கை வைக்காமல் முதலில் குழாயைச் சுத்தம் செய்கிறோம்.