வீட்டில் திறக்கும் பிபிகே கோப்பை அலுவலகக் கணினி ஏற்க மறுக்கிறது

கேள்வி
வணக்கம். வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டு மடிக்கணினியில் புட்டிஜென் (புட்டி என்ற தொலை இணைப்பு மென்பொருளுக்கான கீ உருவாக்கும் கருவி) மூலம் ஈடி25519 வகைக் கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் டிஜிட்டல் திறவுகோல்) ஒன்றை உருவாக்கி, அது சேமிக்கப்பட்ட பிபிகே கோப்பைக் (புட்டியின் சொந்தக் கீ வடிவம்) கொண்டு எங்கள் லினக்ஸ் சேவரினுள் சிக்கலின்றி நுழைந்து வருகிறேன். அதே கோப்பைக் கோட்டையில் உள்ள அலுவலகக் கணினியில் வைத்தால், கீயின் வடிவம் மிகப் புதியது என்று பொருள்படும் ஒரு வரியைக் காட்டிவிட்டுப் புட்டி சேவருக்கான கடவுச்சொல்லைக் கேட்கிறது. அங்கிருப்பது 0.70 பதிப்பு; புதியதை நிறுவ அனுமதி கிடைப்பதற்கு நாளாகும். கோப்பின் பெயரைப் பெம் (வேறொரு கீக் கோப்பு வகை) என்று முடியுமாறு மாற்றி, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும் முயன்றேன். 'இன்வாலிட் ஃபோர்மட்' என்றது. கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில் 1
கோப்பு பழுதாகவில்லை. அதை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். 'புட்டி-யூசர்-கீ-ஃபைல்' என்பதை அடுத்து 3 என்ற இலக்கம் இருக்கும். 2021 மே மாதம் வெளியான 0.75 பதிப்பிலிருந்து புட்டிஜென் இந்த மூன்றாம் வடிவத்திலேயே சேமிக்கிறது. அதற்கு முந்தைய புட்டிக்கு இரண்டாம் வடிவத்துக்கு மேல் வாசிக்கத் தெரியாது. வீட்டுக் கணினியில் கீயை ஏற்றி, 'கீ' மெனுவில் கோப்புகளைச் சேமிப்பதற்கான அமைப்புகளைத் திறந்து, பதிப்பு 2 என்பதைத் தெரிவுசெய்து, வேறொரு பெயரில் சேமியுங்கள். கீ அதுவேதான் என்பதால் சேவரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆயினும் இதைத் தற்காலிக ஏற்பாடாகவே கொள்ளுங்கள். கோப்பைப் பூட்டும் கடவுத்தொடரை ஊகித்துத் திறப்பதைக் கடினமாக்க மூன்றாம் வடிவம் ஆர்கன்2 முறையைக் கையாள்கிறது. இரண்டாம் வடிவம் நம்பியிருப்பது பழைய எஸ்எச்ஏ-1 முறையை.

பதில் 2
உபுண்டு விடயம் வேறு. போத்தலின் லேபலை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடாது. புட்டிஜென்னின் 'கன்வேர்ஷன்ஸ்' மெனுவிலிருந்து ஓபன்எஸ்எஸ்எச் (உபுண்டுவில் சேவருடன் இணையப் பயன்படும் மென்பொருள்) வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பின் முதல் வரி ஐந்து சிறுகோடுகளுடன் 'பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ' என்று தொடங்க வேண்டும். ஆர்எஸ்ஏ என்ற வேறு வகைக் கீ வைத்திருப்போர் 'பிகின் ஆர்எஸ்ஏ' என்று தொடங்கும் பழைய கோப்புகளையும் கண்டிருப்பார்கள். 2018இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.8 முதல் அது இயல்பான வடிவம் அல்ல.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. முதல் வரியில் 3 என்றே இருந்தது. இரண்டாம் வடிவத்தில் சேமித்த கோப்பை அலுவலகப் புட்டி உடனே ஏற்றுக்கொண்டது. உபுண்டு மட்டும், கோப்பின் அனுமதி 0664 என்றும் அது மற்றவர்களுக்கும் திறந்திருக்கிறது என்றும் கூறி மறுத்தது. 600 (உரிமையாளர் மட்டும் வாசித்து எழுதலாம்) ஆக்கியதும் வழிவிட்டது. இன்னொரு சந்தேகம்: அலுவலகத்துக்கு அந்தக் கோப்பை எங்கள் வட்ஸ்அப் குழுவிலேயே அனுப்பிவிட்டேன். கடவுத்தொடரும் இடவில்லை. அது பரவாயில்லையா?

பதில் 1
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அக்குழுவில் உள்ள எவரும் இப்போது உங்கள் பெயரில் சேவரினுள் நுழையலாம். அலுவலகக் கணினியிலேயே புதிய கீ ஒன்றை உருவாக்குங்கள், 0.70இன் புட்டிஜென்னுக்கு அது முடியும், இரண்டாம் வடிவத்திலேயே சேமிக்கும். வீட்டுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று செய்து, எல்லாவற்றுக்கும் கடவுத்தொடர் இட்டு, அவற்றின் பப்ளிக் கீகளை (பிறரிடம் கொடுக்கக்கூடிய பாதி) மட்டும் சேவரில் சேருங்கள். புதியவை வேலை செய்வதை உறுதிப்படுத்திய பின், இன்றே பழைய கீக்குரிய வரியை அங்கிருந்து நீக்கிவிடுங்கள்.